சிறைக்குள்ளும் சாதியா? கைதிகளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன?

சிறையில் சமையல் யாருக்கு, கழிவறை கழுவுவது யாருக்கு? இதைக் கைதியின் சாதியை வைத்தே முடிவு செய்யும் விதிகள் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் அண்மைக்காலம் வரை இருந்தன. 2024 அக்டோபர் 3-ல் உச்சநீதிமன்றம் இவற்றை அரசியலமைப்புக்கு எதிரானவை என அறிவித்தது.

விதிகள் சொன்னது என்ன?

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கு இது. சாதாரண சிறைத் தண்டனை பெற்றவருக்கு இழிவான வேலை தரக்கூடாது என்றது உத்தரப் பிரதேசக் கையேடு. ஆனா, அந்த வேலை செய்து 'பழகிய' சமூகம் என்றால் தரலாமாம்! மேற்கு வங்கக் கையேடோ, துப்புரவுக்கு எந்தச் சாதியினரை எடுக்கணும்னு பெயர் சொல்லியே எழுதியிருந்தது.

பாளையங்கோட்டை ஏன் பேசப்பட்டது?

பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பிளாக்குகளில் அடைப்பதும் வழக்கில் இடம்பெற்றது. சாதி மோதலைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்ற அரசின் விளக்கத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் முன்பு ஏற்றிருந்தது. உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. சாதியால் பிரிக்காமலே ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் பொறுப்பு என்றது.

எந்தச் சட்டம் காக்கிறது?

சிறைக்குப் போனாலும் அடிப்படை உரிமைகள் மொத்தமாகப் பறிபோகாது என 1978-லேயே சுனில் பத்ரா வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. இப்போது சமத்துவம் (14), பாகுபாட்டுத் தடை (15), தீண்டாமை ஒழிப்பு (17), கண்ணியமான வாழ்வு (21), கட்டாய உழைப்புத் தடை (23) ஆகிய 5 பிரிவுகளும் மீறப்பட்டதாக நீதிமன்றம் கூறியது.

இனி என்ன?

கையேடுகளைத் திருத்த 3 மாத அவகாசம் தரப்பட்டது. பதிவேடுகளில் உள்ள சாதிக் காலத்தை நீக்கவும் உத்தரவு. 2024 டிசம்பர் இறுதியில் மத்திய அரசு மாதிரிக் கையேட்டைத் திருத்தியது. ஆனால் சிறைத்துறை மாநிலப் பட்டியலில் வருவதால், அந்தந்த மாநிலம்தான் தன் கையேட்டை மாற்றணும்.

கையேட்டில் ஒரு வரியை அடிப்பது சுலபம். தினமும் காலையில் யார் கையில் துடைப்பம் போகுது என்பதைப் பார்க்க வெளியாட்கள் உள்ளே போகணும். அதனால்தான் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் இணைந்து ஆய்வு நடத்த நீதிமன்றம் உத்தரவிட்டது.

உதவிக்கு யாரை அணுகலாம்?

காவலில் இருக்கும் யாருக்கும், வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. குடும்பத்தினர் 15100 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.