வதந்தியின் வேகமும் கருத்துச் சுதந்திரமும்

பெங்களூர் நகரின் நீலசந்திரா, மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதி. தமிழும் கன்னடமும் உருதும் அங்கே ஒரே தெருவில் ஒலிக்கும். இத்தகைய தெருக்களின் தேநீர்க் கடைகளில் இணையத்தைப் பற்றிய பேச்சு எழுமாயின், இரண்டு அபிப்பிராயங்கள் கேட்பது வழக்கம். இணையத்தில் எவர் எதை எழுதினாலும் தடுக்கலாகாது என்பது ஒன்று. கலகத்தின் அறிகுறி தோன்றியவுடன் இணைப்பையே துண்டித்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு வேண்டிய அனுபவத்தை அந்நகரமே பெற்றிருக்கிறது.

2012 ஜூலையில் அசாமின் கோக்ரஜார் பகுதியில் இனக் கலவரம் மூண்டது. அதனைத் தொடர்ந்து, ரம்ஜான் பண்டிகைக்குப்பின் வடகிழக்கு மாநிலத்தவர் தென்னாட்டு நகரங்களில் தாக்கப்படுவர் என்னும் வதந்தி, குறுஞ்செய்திகள் வாயிலாகவும் சமூக வலைத்தளங்கள் வாயிலாகவும் பரவிற்று. ஆகஸ்டு மாதத்தின் நடுவில் பெங்களூர் ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் திரண்டனர். அவர்களுக்காகக் குவாஹாட்டிக்குத் தனி ரயில்கள் விடப்பட்டன. பாதுகாப்பு உண்டென அப்போதைய முதலமைச்சர் ஜகதீஷ் ஷெட்டர் உறுதி கூறினார். ஆயினும் உறுதிமொழியைவிட வதந்தியே விரைந்து சென்றது.

ஆகஸ்டு 17ஆம் நாள் மத்திய அரசாங்கம், நாடெங்கும் 15 நாட்களுக்கு, ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பலாகாது என வரம்பு விதித்தது. சில நாட்களில் அவ்வரம்பு இருபதாக உயர்த்தப்பட்டது. இணையத்தில் 300க்கும் மேற்பட்ட பக்கங்களும் பதிவுகளும் முடக்கப்பட்டன. அப்பட்டியலை ஆராய்ந்த பெங்களூரின் இணைய சமூக ஆய்வு மையம், வதந்தியைப் பொய்யென எடுத்துக்காட்டிய பக்கங்களும் அதில் அடங்கியிருந்ததைச் சுட்டிக்காட்டியது. நோயை ஒழிக்க முற்பட்ட கை, மருந்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டது. தாய்க்கு மகன் அனுப்பும் நலச் செய்தியும், அச்சமூட்டும் பொய்யும் ஒரே வரம்பிற்குள் அடைபட்டன.

வதந்தியின் வலிமை அதன் சொற்களில் மட்டும் இல்லை. அது பெருகும் முறையிலேயே பெரிதும் அடங்கியுள்ளது. ஒருவர் ஒரு செய்தியை இருபது பேருக்கு அனுப்ப, அவர்களில் ஒவ்வொருவரும் மேலும் இருபது பேருக்கு அனுப்புவதாகக் கொள்க. ஐந்தாம் படியில் மட்டும் அது 32,00,000 பேரை அடையும். இருபதுக்குப் பதிலாக ஐவருக்கு அனுப்பினால், அதே ஐந்தாம் படியில் 3,125 பேரையே அடையும். ஒரே செய்தி ஒருவரிடமே பலமுறை வந்து சேர்வதால் நடைமுறையில் இவ்வெண்கள் குறையும். எனினும், படிதோறும் சிறிதளவு தடை ஏற்படுத்தினால் முடிவில் பெருத்த வேறுபாடு விளையும் என்பது இக்கணக்கினால் விளங்கும்.

இவ்வுண்மை பின்னர்ச் செயலுக்கு வந்தது. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்தி பரவியிருந்த வேளையில், பெங்களூரின் சாமராஜப்பேட்டையில் வெளிமாநில இளைஞர் ஒருவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். நாட்டின் வேறு பல இடங்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. எவர் எதைப் பரப்பினும் தடையே கூடாதென்போர் இம்மரணங்களுக்கு விடை கூறியாக வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், வந்த செய்தியை ஒருமுறையில் ஐந்து இடங்களுக்கு மேல் இந்தியாவில் அனுப்ப முடியாதபடி வரையறுத்தது. 2019இல் இவ்வரையறை உலகெங்கும் விரிவுபெற்றது. பலமுறை கைமாறிய செய்தியை ஒருமுறையில் ஓர் இடத்திற்கே அனுப்பலாம் என 2020இல் மேலும் இறுக்கப்பட்டது.

இம்முறை செய்தியின் பொருளைப் படிப்பதில்லை; அது கைமாறிய எண்ணிக்கையையே கருதுகிறது. ஒருவர் தாமே எழுதும் சொல்லுக்கு இதனால் தடையில்லை. பிறர் சொல்லைப் பிரதி எடுத்துத் தள்ளும் வேகமே குறைகிறது. மீண்டும் மீண்டும் அழுத்தி அனுப்ப முனைவோரை இது முற்றிலும் தடுக்காது என்பது மெய்யே. ஆனால் சிந்திக்காமல் அனுப்புவோர்க்குச் சிந்திக்க ஒரு கணம் கிடைக்கிறது.

சட்டத்தின் போக்கும் இதற்கு இசைந்ததே. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். காஷ்மீரில் இணையம் துண்டிக்கப்பட்டது பற்றிய அனுராதா பாசின் வழக்கில், 2020 ஜனவரி 10ஆம் நாள் அந்நீதிமன்றம், கால வரையறையின்றி இணையத்தை நிறுத்தி வைத்தல் கூடாதென்றும், நிறுத்தும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்றும் உரைத்தது. தேவைக்கு மிஞ்சிய தடை செல்லாது என்பதே இதன் சாரம்.

ஆகவே, தடை விதிக்கும் அதிகாரிகள் முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது கடமையாகும். இத்தடை பொய்யின் வேகத்தைக் குறைக்கிறதா, அல்லது அனைவரின் பேச்சையும் அடைக்கிறதா? அது என்று முடியும்? பொய்யை மறுக்கும் மெய்ச் செய்தி செல்ல வழி திறந்திருக்கிறதா? இம்மூன்றாவது கேள்வியே தலையாயது. ரயில் நிலையத்தில் மூட்டையுடன் நிற்கும் மனிதனுக்கு, அவன் விட்டு வந்த தெருவில் அமைதி நிலவுகிறது என்று அத்தெருவினர் சொல்லும் சொல்லே பயன் தருவது. இணைப்பைத் துண்டித்துவிட்டால் அச்சொல் அவனைச் சென்றடையாது.