நாயும் காரில் பயணிதான்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

விடுமுறை நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் கார்களைப் பாருங்கள். ஏதாவது ஒரு ஜன்னலில் நாயின் தலை வெளியே நீண்டிருக்கும். சில கார்களில் அது ஓட்டுபவரின் மடியிலேயே நிற்கும், முன்னங்கால்கள் ஸ்டியரிங்கில். பக்கத்து வண்டிக்காரர்கள் சிரித்துக் கையசைப்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உங்களிடம் என் கோரிக்கை ஒன்றே. எல்.எல்.ஆர். தேர்விலும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலும், நாயைக் காரில் ஏற்றிச் செல்லும் முறையைப் பாடமாக்குங்கள்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், 20 கிலோ நாயைப் பிடித்து நிறுத்தச் சுமார் 280 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். எந்தக் கையாலும் அது முடியாது. கட்டாத நாய் முன்சீட்டில் இருப்பவர் மேல் போய் மோதும்; இருவருக்கும் உயிராபத்து.

தடுக்கும் வழி எளிது. மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னெஸை அணிவித்து, அதன் குட்டைப் பட்டையைப் பின்சீட் பெல்ட் பக்கிளில் மாட்டினால் போதும். கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாது. பிரேக் அடித்தால் கழுத்து நெரியும். சின்ன நாயைக் கூண்டில் வைத்து, கூண்டு நகராதபடி கட்டலாம். ஏர்பேக் விரியும் முன்சீட் நாய்க்கு ஆகாது.

வெயிலையும் அந்தப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே 24 டிகிரி இருக்கும் இதமான நாளிலேயே, நிறுத்திய காருக்குள் வெப்பம் அரை மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். நம் கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உள்காற்றே கொதிக்கும்போது அதுவும் பலிக்காது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய பயனில்லை.

விலங்குகளை வதைபடும்படி ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் மடியில் நாயை வைத்து ஓட்டுபவர் அதை வதை என்று நினைப்பதில்லை. பாசம் என்றே நினைக்கிறார். அவருக்கு அபராதத்துக்கு முன் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். பிரிட்டனின் சாலை விதி நூலில் 57ஆம் விதி, ஹார்னெஸ், கூண்டு, தடுப்பு வலை என்று வழிகளைப் பெயர் சொல்லியே காட்டுகிறது. நம் பாடநூலுக்கும் அப்படி அரைப் பக்கம் போதும். தேர்வில் ஒரு கேள்வி போதும்.

உரிமம் வாங்க வரும் ஒவ்வொருவரும் உங்கள் துறையின் வாசலைத் தாண்டித்தான் சாலைக்கு வருகிறார்கள். வரும் கோடை விடுமுறைக்கு முன்பே இதற்கான உத்தரவைப் பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் கார் ஓட்டுநர் ஒருவர்