பதக்கமும் படிக்கட்டும்

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதிருக்கையில், பேருந்தொன்று ஏறி அவரது வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிற்று. காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர் அவருடைய அன்னை. 2016-ஆம் ஆண்டு ரியோ நகரில் நிகழ்ந்த பாராலிம்பிக் விளையாட்டில் 1.89 மீட்டர் உயரம் தாண்டி அவர் பொற்பதக்கம் வென்றதும், தமிழக அரசு இரண்டு கோடி ரூபாய் வழங்கிற்று. 2024-இல் பாரிஸிலே அவருக்கு வெண்கலம். அங்கேயே நம் அண்டை ஊரான காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் இறகுப்பந்தில் வெள்ளி வென்றார்.

இப்புகழ் எளிதில் வந்ததன்று. 1965-ஆம் ஆண்டுப் போரில் காயமுற்ற முரளிகாந்த் பேட்கர் 1972-இலேயே ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் நீச்சலில் தங்கம் வென்றார். அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததோ 2018-இல்!

வெற்றிச் செய்தி வந்த நாளில் நம் இல்லங்களில் என்ன நிகழ்கிறது? வீட்டுக்குள் வைத்திருந்த பிள்ளையை வெளியே அழைத்துவரப் பெற்றோருக்குத் துணிவு பிறக்கிறது. இது மெய்யான நன்மை. ஆனால் உறவினர் சிலர் உடனே, "மாரியப்பன் தாண்டவில்லையா? உன்னால் ஏன் முடியாது?" என்று தொடங்கிவிடுகின்றனர். ஐயா, இரண்டு காலும் நன்றாயிருக்கும் நம் பிள்ளைகளிடம் நாம் ஒலிம்பிக் பதக்கமா கேட்கிறோம்?

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். அவர்களுள் மிகப் பலருக்கு வேண்டுவது மேடையன்று, வழி. 2025 பிப்ரவரியில் தேசிய பாரா தடகளப் போட்டி சென்னை நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றது. அரங்கத்தின் ஓடுபாதை சமதளம். தாம்பரத்திலிருந்து அங்கே செல்ல விரும்பும் சக்கர நாற்காலிக்காரருக்கோ, மின்ரயிலின் வாசலுக்கும் நடைமேடைக்கும் இடையேயுள்ள வெளியே முதற்போட்டி. 2024-இல் மாநகர்ப் பேருந்துகளில் தாழ்தள வண்டிகள் வந்தனவே, அவையும் பதக்கங்கள் ஈட்டித் தந்தவையல்ல; மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றப் படியேறிப் பல்லாண்டு வழக்காடிப் பெற்றவை. அந்தப் படிகளையும் எப்படித்தான் ஏறினார்களோ!

2016-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுக்கட்டடங்களில் அவர்கள் தடையின்றிச் சென்றுவர வழி செய்ய ஐந்தாண்டு தவணை தந்தது. தவணை கடந்துவிட்டது. அரசைக் குறை கூறுமுன் நம் கோவில் வாசலைப் பார்ப்போம். ஞாயிறு திருப்பலிக்கு வரும் முதியவரைச் சக்கர நாற்காலியோடு நால்வர் தூக்கிச் செல்வதை நாம் பிறரன்பு என்கிறோம். தூக்கப்படுகிறவர் அதை எப்படி உணர்கிறார் என்று கேட்டதுண்டா?

சாய்தளத்துக்குரிய அளவு இது: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அகலம் நான்கடி, இருபுறமும் கைப்பிடி. அரையடி உயரமுள்ள படிகள் மூன்று இருப்பின் பதினெட்டு அடி போதும். முன்வாசலில் இடமில்லையெனில் பக்கவாசலில் பெரும்பாலும் இருக்கும். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு ஓர் அளவுநாடாவுடன் செல்லுங்கள்.