விடை சரி, வழி தவறு

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். விடை சரியாக இருந்தாலும் வழி தவறாக இருந்தால் மதிப்பெண் போட மாட்டேன். குருட்டாம்போக்கில் எழுதி அமைந்துவிட்ட விடைக்கு என் சிவப்பு மையில் ஒரே கோடுதான். ஓய்வு பெற்று நான்காவது ஆண்டில், பூம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போக்கர் ஆடக் கற்றுக்கொண்டேன். அப்போதுதான், இத்தனை வருடம் நான் போட்ட அந்தச் சிவப்புக் கோட்டின் அருமை எனக்கே முழுதாக விளங்கியது.

கற்றுக்கொள்ளத் தூண்டியவன் ஒரு பழைய மாணவன். பெயர் சொல்ல மாட்டேன். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை சுமார் 18 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் சுற்றுலாக்காரர்கள் வரத்து நின்றுவிடும். ஜீப் ஓட்டும் பையன்களுக்கு வேலை இருக்காது. கையில் போன் மட்டும் இருக்கும். அப்படியொரு மழைக்காலத்தில்தான் அவன் டெக்சாஸ் ஹோல்டெம் ஆடப் பழகினான். உலகத்தில் மிகப் பரவலாக ஆடப்படும் போக்கர் வகை அது. விதிகளை அரை மணி நேரத்தில் செயலியே சொல்லிக்கொடுத்துவிட்டது. முதல் வாரம் ஜெயித்தான். அம்மாவுக்குக் கிரைண்டர் வாங்கிக் கொடுத்தான். ஒன்றரை வருடத்தில் ஜீப் கை மாறிப் போயிற்று. இப்போது அதே மலைப் பாதையில் இன்னொருவருடைய வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறான்.

"முதல் வாரமே தோத்திருந்தா விட்டிருப்பேன் டீச்சர். ஜெயிச்சுட்டேன். நமக்கு ஆட வருதுன்னு நம்பிட்டேன்" என்று ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னான்.

வகுப்பில் கணக்கு நன்றாகப் போட்ட பையன் அவன். அவனுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டேன் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்திருந்த தங்கை மகனைப் பிடித்து உட்காரவைத்தேன். "உங்களுக்கு எதுக்கு பெரியம்மா இந்த ஆட்டமெல்லாம்?" என்றான். "நீ சொல்லிக்கொடு, அப்புறம் நான் சொல்றேன்" என்றேன். பணம் கூடாது என்பது என் நிபந்தனை. எங்கள் ஊர் மலைப்பூண்டை உரித்து ஆளுக்கு ஐம்பது பல் வைத்துக்கொண்டோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. உரித்த விரலில் காரம் இரண்டு நாள் நிற்கும்.

விதிகள் எளிமையானவைதான். 52 சீட்டு. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். அது உங்களுக்கு மட்டும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விரியும். முதலில் மூன்று ஒன்றாக, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. பிளாப், டர்ன், ரிவர் என்று அவற்றுக்குப் பெயர். கையிலுள்ள இரண்டையும் நடுவிலுள்ள ஐந்தையும் சேர்த்த ஏழில், சிறந்த ஐந்து சீட்டுதான் உங்கள் கை. சீட்டு போட்டதும் ஒரு சுற்று, நடுவில் சீட்டு விரியும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று என நான்கு முறை பந்தயம். எதிராளி வைத்ததற்கு ஈடு வைக்கலாம், ஏற்றலாம், அல்லது ரம்மியில் ஸ்கூட் விடுவதுபோல இறங்கிவிடலாம். இரண்டு பேர் மட்டும் சீட்டைப் பார்க்காமலே கட்டாயமாகக் கொஞ்சம் வைத்தாக வேண்டும். பிளைண்ட் என்று பெயர். அது இல்லாவிட்டால் எல்லோரும் நல்ல சீட்டுக்காகக் காத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

எந்தக் கை பெரிது என்ற இடத்தில் நான் சண்டைக்குப் போனேன். சின்ன வயதில், தேர்த் திருவிழா இரவுகளில் பெரியவர்கள் மூணு சீட்டு ஆடுவதைக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். அதில் வரிசை பெரிது, கலர் சிறிது. போக்கரில் நேர்மாறு: ஐந்தும் ஒரே சாதிச் சீட்டாக வரும் கலர்தான் வரிசையை அடிக்கும். "யார் வச்ச விதி இது?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். மூன்று சீட்டை 22,100 விதமாக எடுக்கலாம். அதில் வரிசை 720, கலர் 1,096. வரிசைதான் அபூர்வம். ஐந்து சீட்டை 25,98,960 விதமாக எடுக்கலாம். அதில் வரிசை 10,200, கலர் 5,108. இங்கே கலர்தான் அபூர்வம். எது அரிதோ அது பெரிது. விதிக்குள்ளே கணக்கு இருப்பதைக் கண்டதும் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இந்த ஆட்டத்தில் அழகு இருக்கிறது; இல்லையென்று சொன்னால் அது பொய்.

இரண்டாம் நாள் அந்த ஆட்டம் வந்தது. என் கையில் ஆர்ட்டின் ஒன்பதும் ஆர்ட்டின் ஏழும். நடுவில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் மூன்று, கிளாவர் பத்து. இன்னும் ஒரு ஆர்ட்டின் விழுந்தால் எனக்குக் கலர். நான்காவது சீட்டு இஸ்பேடு நாலு; உதவவில்லை. குவியலில் 20 பல் சேர்ந்திருந்தது. அவன் தன்னிடம் மிச்சமிருந்த 10 பல்லையும் முன்னே தள்ளினான். நான் பத்துப் பல்லை எடுத்து வைத்தேன். கடைசிச் சீட்டைத் திருப்பினான். ஆர்ட்டின் இரண்டு. அவனிடம் ராஜா ஜோடி, என்னிடம் கலர். நாற்பது பல்லையும் இரண்டு கையாலும் அள்ளினேன். உள்ளே ஏதோ ஒன்று குதித்தது. அறுபது வயதைத் தாண்டியவள், பூண்டுப் பல்லுக்காக.

அவன் அமைதியாகச் சொன்னான்: "ஜெயிச்சுட்டீங்க பெரியம்மா. ஆனா தப்பா ஆடுனீங்க."

கணக்கு இதுதான். எனக்குத் தெரியாத சீட்டு 46. அதில் எனக்கு உதவும் ஆர்ட்டின் 9. இதே நிலை 46 முறை வந்தால், சராசரியாக 9 முறை ஜெயித்து முப்பது முப்பதாக 270 பல் எடுப்பேன்; 37 முறை தோற்று பத்துப் பத்தாக 370 பல் கொடுப்பேன். நிகரமாக 100 பல் நட்டம். நான் இறங்கியிருக்க வேண்டும். விடை சரி, வழி தவறு. என் வகுப்பாக இருந்தால் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். சீட்டுமேசையோ அந்தத் தவறுக்கு நாற்பது பல் பரிசு கொடுத்தது.

என் மாணவனைச் சாய்த்தது இதுதான். அவன் விதிகளைப் படித்தான். எது கலர், எது வரிசை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஜெயித்தது, சரியாக ஆடியதற்குச் சாட்சி ஆகாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தவறாக ஆடி ஜெயித்தவனுக்குத் தவறே பழக்கமாகிவிடும். திருவள்ளுவர் சூது அதிகாரத்தைத் தொடங்கும்போது தோல்வியைத் தூண்டில் என்று சொல்லவில்லை. வெற்றியைத்தான் மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு என்றார். பல வருடம் படித்தும் அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது.

நம் நீதிமன்றங்களிலும் சட்டமன்றத்திலும் பல ஆண்டுகளாக வேறொரு கேள்வியே நடந்தது: இது திறமையா, அதிர்ஷ்டமா? உச்ச நீதிமன்றம் 1967-லேயே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டைப் போன்றதல்ல என்றது. தமிழ்நாடு 2020 நவம்பரில் ஆன்லைன் பண ஆட்டங்களுக்குத் தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆன்லைன் ஆட்டங்களை ஆராய்ந்த நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த புதிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் கூடாது என்றது.

அந்தச் சட்டத்தை முழு மனதோடு வரவேற்கிறேன். திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தைத் தாண்டி வந்ததே அதன் பெரிய நன்மை. போக்கரில் இரண்டும் உண்டு. இரண்டும் கலந்திருப்பதுதான் ஆபத்து. முழு அதிர்ஷ்டம் என்றால் விவரமான பிள்ளை ஒதுங்கிவிடுவான். திறமையும் இருப்பதால்தான் ஜெயித்த நாளில் "என் திறமை" என்றும், தோற்ற நாளில் "நேரம் சரியில்லை" என்றும் சொல்லிக்கொண்டு நடுராத்திரியிலும் போனைத் திறக்கிறான்.

திறமை இருந்தால்தான் என்ன? அதையும் திண்ணையில் பார்த்தோம். ஆன்லைன் மேசையில் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஆட்டம் நடத்துபவருக்கு ஒரு பங்கு போகும், ரேக் என்பார்கள். மூன்றாம் நாள் அந்தப் பங்கை என் தங்கைக்குக் கொடுத்தோம். ஆட்டத்துக்கு இரண்டு பல், ரசத்துக்கு. ஆளுக்கு ஐம்பதாக மொத்தம் நூறு பல்லில் தொடங்கி முப்பது ஆட்டம் ஆடினோம். முடிவில் என்னிடம் 23, அவனிடம் 17. மீதி அறுபதும் அடுப்படியில் இருந்தது. நான்தான் ஜெயித்தவள், எனக்கும் 27 பல் நட்டம். முப்பது ஆட்டத்தில் ஒரே ஒருவருக்குத்தான் ஒரு முறைகூடத் தோல்வி இல்லை. அவர் சீட்டையே தொடவில்லை.

சட்டம் கதவை அடைத்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். என்னால் அப்படி நிம்மதியாக இருக்க முடியவில்லை. இந்த மலையில் சிக்னல் கிடைக்காத வளைவுகள் உண்டு. ஆனால் சிக்னல் கிடைக்கும் இடத்திலெல்லாம் வெளிநாட்டிலிருந்து ஒரு இணைப்பு வந்து சேர்ந்துவிடும். கடைசியாகப் பிள்ளையைக் காப்பது அவன் தலைக்குள் இருக்கும் கணக்குதான்.

அந்தக் கணக்கு நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடம் புள்ளியியலும் நிகழ்தகவும். நன்கு கலைத்த 52 சீட்டுகளிலிருந்து ஒரு சீட்டு எடுத்தால் அது ராஜாவாக இருக்க நிகழ்தகவு என்ன என்று ஆண்டுதோறும் நானும் கேட்டிருக்கிறேன். 4-ன் கீழ் 52, அதாவது 1-ன் கீழ் 13 என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். "அதற்கு நீ எவ்வளவு பணம் வைக்கலாம்?" என்ற அடுத்த கேள்வியை நான் கேட்டதே இல்லை. கணித எதிர்பார்ப்பு என்ற பாடம் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில்தான் வருகிறது. அதற்குள் பாதிப் பிள்ளைகள் வேறு பிரிவுக்கோ வேலைக்கோ போய்விடுகிறார்கள். ஜீப் ஓட்டப் போனவனும் அப்படிப் போனவன்தான்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. பத்தாம் வகுப்பில் அந்தப் பாடத்தோடு இரண்டு பீரியட் சேர்த்துக்கொடுங்கள். ஒன்றில், பந்தயத்தை நூறு முறை ஆடினால் கையில் என்ன மிஞ்சும் என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். இன்னொன்றில், நடுவில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் பங்கு எடுத்தால் என்ன மிஞ்சும் என்று பார்க்கட்டும். சீட்டுகூட வேண்டாம், புளியங்கொட்டை போதும். பள்ளிக்கூடத்தில் சூதாட்டமா என்று கேட்பவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் விதிகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு செயலி எப்போதும் தயாராக இருக்கிறது. விதிகளுக்குப் பின்னால் இருக்கும் நட்டத்தைச் சொல்லிக்கொடுக்க டீச்சரைத் தவிர யாரும் இல்லை.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போதெல்லாம் ஒன்றைச் சொல்வேன். 1899-ல் தொடங்கிய இடம். 1904-லிருந்து, மேகம் விட்ட நாளிலெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். சூரியனின் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். ஒரு நாள் படத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஒரு வாரப் படத்தைப் பார்த்தும் முடியாது. பல வருடம் பொறுமையாகச் சேர்த்த படங்களை வரிசையாக வைத்தால்தான் சூரியனின் வழி தெரியும். ஒரு வார வெற்றியை வைத்துத் தன்னைப் பற்றி முடிவு கட்டிய பையனும் அந்தப் பயணங்களில் ஒன்றில் என்னோடு வந்தவன்தான். சூரியனுக்குச் சொன்னதை அவன் சட்டைப் பைக்கும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் திண்ணைக்குத் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வருகிறார்கள். பூண்டுப் பல்லை வைத்துக் கணக்குப் போடுகிறோம். ஒவ்வொரு முறையும், ஏன் வைத்தாய், ஏன் இறங்கினாய் என்று நோட்டில் எழுத வேண்டும். சரியாக யோசித்து இறங்கியவளுக்கு முழு மதிப்பெண். தவறாக வைத்துக் குவியலை அள்ளியவனுக்கு நோட்டில் சிவப்புக் கோடு. போன வாரம் ஒரு சிறுவன், "ஜெயிச்சது நான்தானே டீச்சர்?" என்று கண் கலங்கிவிட்டான். பக்கத்தில் உட்காரவைத்து, 46 சீட்டையும் அவன் முன்னால் ஒவ்வொன்றாகப் பரப்பினேன். உதவும் சீட்டை ஒரு பக்கமும் உதவாத சீட்டை மறுபக்கமும் அவனே பிரித்தான். இரண்டு குவியலையும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என் சிவப்புப் பேனாவை வாங்கி, அந்தக் கோட்டின் மேல் தானும் ஒரு கோடு போட்டான்.