விதை கஞ்சா இல்லையாம்... அப்ப செடி?

போன வாரம் அம்பத்தூர் ஸ்டேஷன்ல லோக்கலுக்கு நின்னுட்டு இருந்தப்ப கூடப் படிக்கிற ஒருத்தன் கேட்டான். "மச்சி, விதை சட்டப்படி கஞ்சாவே இல்லையாம்டா. ஈரத் துணியில வெச்சு முளைக்கவிட்டா என்ன தப்பு? உங்க பாட்டி பச்சைப்பயறு முளைகட்டலையா?"

சிரிச்சுட்டேன். ஆனா அவன் சொன்னதுல பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

பி.காம்ல பிசினஸ் லா படிச்ச பழக்கம், எந்தச் சட்டத்தையும் டெஃபனிஷன்ல இருந்து பார்க்கணும். 1985ல வந்த என்.டி.பி.எஸ். சட்டத்தோட 2-ஆவது பிரிவுப்படி, கஞ்சான்னா செடியோட பூக்கும் நுனியும் காய்க்கும் நுனியும். நுனியோட சேராத விதையும் இலையும் அதுல வராது. வடக்கே பாங்கு கடை நடக்கிறது இந்த ஓட்டையிலதான். 2021 நவம்பர்ல ஹெம்ப் விதையை உணவாவே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஏத்துக்கிச்சு.

ஆனா அதே பிரிவுல அடுத்த வரியைப் படிங்க. அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் 'கஞ்சா செடி'. உரிமம் இல்லாம அதை வளர்க்க 8-ஆவது பிரிவு தடை போடுது. மீறினா 20-ஆவது பிரிவுல பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். எத்தனை செடின்னு கணக்கே இல்லை. பத்து ஏக்கர் தோட்டமும் மொட்டை மாடித் தொட்டியும் ஒரே வரிக்குள்ள அடங்குது. "தானா முளைச்சுதுங்க"ன்னு சொல்லலாம். ஆனா 35-ஆவது பிரிவுப்படி, தெரிஞ்சுதான் செஞ்சான்னு கோர்ட் எடுத்துக்கும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நாமதான்.

இப்ப வேடிக்கையைப் பாருங்க. ஒரு கிலோ வரை கஞ்சா வெச்சிருந்தா அது 'சிறிய அளவு'. அதிகபட்சம் ஒரு வருஷம், இல்ல பத்தாயிரம் அபராதம், இல்ல ரெண்டும். ஆக பொட்டலம் வாங்கினவனுக்கு ஒரு வருஷம், ஒத்தைச் செடி வெச்சவனுக்குப் பத்து வருஷம் வரை. நீதிபதி குறைச்சுக் கொடுக்கலாம்தான். ஆனா அந்தத் தீர்ப்பு வர்றதுக்குள்ள அரியர், வாய்தா, போலீஸ் வெரிஃபிகேஷன்னு பையனோட இருபதுகள் போயிடும்.

என் கருத்து இதுதான். சொந்தத்துக்கு ஒண்ணு ரெண்டு செடி வெச்சவனையும் வியாபாரியையும் சட்டம் பிரிச்சுப் பார்க்கணும். அளவை வெச்சுப் பிரிக்கிற வேலையைப் பொட்டலத்துக்கு ஏற்கெனவே செஞ்சாச்சு, செடிக்கு மட்டும் ஏன் கூடாது? உத்தரகாண்ட்ல 2018லயே தொழிலுக்காக ஹெம்ப் வளர்க்க உரிமம் கொடுத்தாங்க, போதைச்சத்து 0.3 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கற கட்டுப்பாட்டோட. கம்பெனிக்கு இவ்வளவு யோசிக்கிற அரசு, தனி ஆளுக்கும் கொஞ்சம் யோசிக்கலாமே.

அதுக்காகக் கஞ்சா நல்லதுன்னு சொல்ல வரலை. நம்ம வயசுல மூளை இன்னும் வளர்ந்துட்டுத்தான் இருக்கு. அடிக்கடி இழுக்கிறவனோட ஞாபகசக்தி என்னாகும்னு கடைசி பெஞ்ச்லயே பார்க்கலாம். தாய்லாந்து 2022ல கதவை முழுசாத் திறந்துட்டு, 2025ல டாக்டர் சீட்டு வேணும்னு பாதி மூடினதையும் மறந்துடக் கூடாது. தண்டனை குறையணும்னு கேட்கிறது வேற, எல்லாரும் இழுங்கன்னு சொல்றது வேற.

இன்னொண்ணு, பாதிப் பேருக்குத் தெரியாது. பழக்கத்துக்கு அடிமையாகி சிறிய அளவோட மாட்டினவங்க, தாங்களாவே அரசு அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சைக்குப் போய் முடிச்சா வழக்குல இருந்து விலக்கு கேட்க 64ஏ பிரிவு வழி வெச்சிருக்கு. ஆபரேஷன் கஞ்சா வேட்டைன்னு 2021 டிசம்பர்ல தொடங்கினப்ப கைதுச் செய்தி தினமும் வந்துச்சு. இந்தப் பிரிவைப் பத்தி அந்த அளவுக்கு யாரும் பேசலை.

ட்ரெயின் வந்துடுச்சு. அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: "முளைக்கட்டணும்னு ஆசையா இருந்தா பச்சைப்பயறு வாங்குடா. வெங்காயம், எலுமிச்சம்பழம் போட்டுச் சாப்பிடலாம், ஜாமீன் தேவையில்லை." :-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பி.காம். தான். சட்டம் மாறுற வரைக்கும் இருக்கிற சட்டம்தான் சட்டம். உங்க கருத்து வேறன்னா சொல்லுங்க, சண்டை போடலாம்.