மின்கம்பியின் மறுமுனையிலிருந்து

நகர அபிவிருத்தி அதிகார சபையின் தலைவர் அவர்களுக்கு,

மன்னார்த் தீவைப் பற்றி எழுதப்படும் கடிதங்கள் வழமையாக மின்சக்தி அமைச்சுக்கோ ஜனாதிபதி செயலகத்துக்கோதான் போகும். இதை உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எழும் சொகுசுத் தொடர்மாடிகள் உங்கள் சபையின் விதிகளுக்குள்தான் எழுகின்றன. அவற்றின் விளம்பரங்களில் கடற்காட்சிக்கும் நீச்சல் தடாகத்துக்கும் அடுத்தபடியாக இப்போது 'பசுமை'யும் விலைக்கு வருகிறது. ஆனால் அந்தப் பசுமையின் கணக்கு வளவு மதிலோடு நின்றுவிடுகிறது. மதிலைத் தாண்டி ஓடும் மின்கம்பி அதில் சேர்வதில்லை. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் அனுராதபுரம், வவுனியா கடந்து அதன் ஒரு முனை மன்னார்த் தீவின் நடுக்குடாவில் காற்றாலைகளின் காலடியில் முடிகிறது. இரண்டு முனைகளையும் ஒரே தாளில் எழுதாமல் எந்தக் கட்டடத்தையும் பசுமை என்று சொல்ல முடியாது என்பதுதான் இக்கடிதம் முன்வைக்கும் வாதம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ராஜகிரியவில் 46 மாடிகளோடு நிற்கும் கிளியர்பொயின்ட் தொடர்மாடி, உலகின் மிக உயரமான செங்குத்துத் தோட்டம் என்று அறிமுகப்படுத்தப்பட்டது. மாடந்தோறும் செடியும் மரமும், குளியலறைத் தண்ணீரைச் சுத்திகரித்து அவற்றின் வேருக்குச் சொட்டவிடும் குழாய்கள், மழைநீர்ச் சேகரிப்பு, உச்சியில் சூரியத் தகடுகள். இலை நிழல் சுவரில் விழுந்தால் சூடு குறையும், குளிரூட்டியின் வேலையும் குறையும். இதில் நையாண்டி செய்ய ஒன்றுமில்லை. தொடர்மாடி என்பதே ஒருவகையில் மண்ணுக்குச் செய்யும் உதவிதான். அத்தனை குடும்பங்களும் ஆளுக்கொரு வளவு வாங்கி வீடு கட்டியிருந்தால், 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற பெயரை வாங்கித் தந்த சதுப்புகளில் இன்னும் கொஞ்சம் மண் நிரப்பப்பட்டிருக்கும்.

சிக்கல் கேத்திர கணிதத்தில் இருக்கிறது. 46 தளங்களுக்கும் கூரை ஒன்றுதான். மன்னார்த் தீவின் பேசாலையில் ஒரு தட்டு வீட்டுக்காரர் தன் கூரையில் விழும் வெயிலைக் கொண்டே தன் தேவையின் பெரும்பங்கைச் சமாளித்துவிடலாம். உயரத்தில் அடுக்கப்பட்ட வாழ்க்கைக்கு அந்த வசதி கிடையாது. படுக்கையறைக்கு ஒரு குளிரூட்டி, மேலும் கீழும் ஓடும் மின்தூக்கிகள், உச்சித் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பிகள், நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் ஓயாமல் எரியும் விளக்குகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றைக் கூரை காணாது. ஆகவே எத்தனை மரம் நட்டாலும் உயர்ந்த கட்டடம் இன்னோர் ஊரின் நிலத்தையும் காற்றையும் கடன் வாங்கியே தீரும். கடன் வாங்குவது குற்றமல்ல. வாங்கியதை எழுதாமல் விடுவதுதான் பிழை.

கடன் கொடுக்கும் ஊரைப் பாருங்கள். மன்னார்த் தீவின் நீளம் ஏறக்குறைய 26 கிலோமீற்றர். தாழ்ந்த மணல் திட்டு. அதன் தெற்குக் கரையில் மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்கின்றன, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். 2020 டிசெம்பரில் அவை திறந்துவைக்கப்பட்டன. படுக்கையறைக் குளிரூட்டி ஒன்று சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும் என்று வைத்தால், 30 கோபுரங்களும் முழு மூச்சில் சுழலும்போது கிடைப்பது ஒரு இலட்சம் குளிரூட்டிகளுக்கான மின்சாரம். அதுவும் பெரும்பாலும் சோளகம் வீசும் மாதங்களில்தான் அப்படிச் சுழலும். காற்று விழுந்தால் அதுவுமில்லை. ஒரு தீவின் தெற்குக் கரையில் கோபுரம் நட்டுக் கிடைப்பதை ஒரு நகரத்தின் படுக்கையறைகள் ஒரே இரவில் குடித்துவிடும். எனவேதான் மேலும் மேலும் கோபுரங்கள் கேட்கப்படுகின்றன. மன்னாரில் 52 கோபுரங்கள் நட வந்த அதானி நிறுவனத்தின் திட்டத்தை எதிர்த்து மன்னார் ஆயரும் சூழல் அமைப்புகளும் 2024இல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. வேறு நிறுவனங்கள் வந்தன. ஓகஸ்டில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மக்கள் மறித்தார்கள். ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டெம்பரில் பொலிஸ் காவலோடு அது மீண்டும் தொடங்கியது.

தீவு மக்கள் சொல்வதைக் காற்றாலை வெறுப்பு என்று சுருக்குவது எளிது. அவர்கள் முறைப்பாட்டின் நடுவில் இருப்பது தண்ணீர். கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் மணலில் கோபுர அத்திவாரங்களுக்கும் அவற்றுக்குப் போகும் வீதிகளுக்கும் மண் உயர்த்தினால், மாரி வெள்ளம் வழமையான வழியே கடலுக்கு வடியாமல் வளவுகளில் தேங்குகிறது என்கிறார்கள். அடுத்தது பறவைகள். தீவை நாட்டோடு இணைக்கும் தாம்போதிக்குக் கிட்டவே 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலை சரணாலயம் இருக்கிறது. மத்திய ஆசிய வான்வழியில் வரும் பறவைகளுக்கு இந்தக் கரைதான் ஒடுங்கிய வாசல். மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி ஆய்வாளர்கள் பின்தொடர்ந்த கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய்ச் சேர்ந்தன. மூன்றாவது மணல். தீவின் மணலில் உள்ள இல்மனைற்றுக்காக அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்று துளையிட்டுப் பார்த்திருக்கிறது. இல்மனைற்றிலிருந்து எடுக்கப்படும் தைத்தானியம் டைஒக்சைட்டின் முக்கிய பயன் வெள்ளைப் பூச்சுக்கு நிறம் தருவது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூரைக்குப் பசுமைக் கட்டடத் தரப்படுத்தலில் புள்ளி கிடைக்கும் என்பதை இங்கே நினைத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் தெரிந்தவைதான். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிப்பதைவிடக் காற்று மேலல்லவா? சந்தேகமின்றி மேல். 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதம் மீள்புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற இலக்கிலும் தவறில்லை. ஆனால் நிலக்கரியைக் குறைக்க வழிகள் இரண்டு: புதிய கோபுரம் நடலாம், அல்லது தேவையைக் குறைக்கலாம். முதல் வழியின் சுமை மீன்பிடிக் கிராமத்தில் விழுகிறது, இரண்டாவதின் சுமை வசதி படைத்தவர் வீட்டில். இரண்டில் எதை முதலில் கேட்பது என்பதில்தான் நீதி இருக்கிறது. இன்னொரு மறுப்பு, மின்வலையில் எல்லா மின்சாரமும் கலந்துவிடுகிறதே, எந்த அலகு எந்த மாடிக்குப் போனது என்று யார் சொல்வது என்பது. சரிதான். அப்படியானால் தன் வளவுக்குள் பசுமையைத் தனியாகப் பிரித்து விற்கவும் எந்தக் கட்டடத்துக்கும் இடமில்லை. வலை பொதுவென்றால் கணக்கும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சொகுசுத் தொடர்மாடிகள் எத்தனை இருக்கப்போகின்றன, அவற்றைப் பிடித்து உலுப்பி என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. மூன்றில் இதுவே வலுவான மறுப்பு. நாட்டின் மொத்த மின்பாவனையில் அவற்றின் பங்கு பெரிதல்ல என்பதை ஏற்கலாம். ஆனால் அடுத்த நடுத்தர வீட்டுத் திட்டம் எதைப் பார்த்து வரையப்படுகிறது? திறக்க முடியாத கண்ணாடிச் சுவர், நாள் முழுக்கக் குளிரூட்டி என்பது செல்வத்தின் அடையாளமானால் அது படிப்படியாகக் கீழே இறங்கும். வேறு முன்மாதிரியும் நம்மிடம் உண்டு: கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா 1950களிலேயே கொழும்பில் சேனநாயக்க தொடர்மாடியை வடிவமைத்தார். வெப்ப மண்டலத்துக்கேற்ற அடுக்குவீட்டை யோசிக்க நமக்கு வெளிநாட்டு முத்திரை தேவைப்படவில்லை.

உங்களால் முடிந்த ஒன்றைத்தான் இக்கடிதம் கேட்கிறது. பசுமை என்ற பெயரை வரைபடத்தை வைத்துக் கொடுக்காதீர்கள். ஆட்கள் குடியேறிய பின் மீற்றரை வைத்துக் கொடுங்கள். சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு எத்தனை அலகு என்ற எண்ணை ஒவ்வொரு உயர்மாடியும் வெளியிட வேண்டும் என்று விதி செய்யுங்கள். நியூயோர்க் நகரம் 2009இல் இயற்றிய சட்டத்தால் பெரிய கட்டடங்களின் மின்பாவனையை ஆண்டுதோறும் வெளியிட வைத்தது. இன்று அங்கே வாசலிலேயே ஏ, பி, சி, டி என்று தரம் ஒட்டப்பட்டிருக்கிறது. 2019இல் வந்த இன்னொரு சட்டம் கட்டடங்களின் கரிம வெளியேற்றத்துக்கு உச்சவரம்பே விதித்தது. குடியிருப்புகளும் அதற்குத் தப்பவில்லை. கொழும்பில் மீற்றர்களும் பட்டியல்களும் ஏற்கெனவே இருக்கின்றன. சேர்த்து எழுத ஓர் உத்தரவுதான் வேண்டும். ஆண்டுதோறும் வரும் அந்தப் பட்டியலைத் தமிழிலும் வெளியிடுங்கள். நடுக்குடாவிலும் ஓலைத்தொடுவாயிலும் அதை வரிக்கு வரி வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள்.