வங்கியைக் காப்பாற்றும் பணம் யாருடைய கல்லாவிலிருந்து?

வங்கிகளைப் பற்றிப் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தால் மறுநாள் கடைவீதியில் யாரும் அதைப் பேசுவதில்லை. சரக்கு வரத்து, பருப்பு விலை, ஜி.எஸ்.டி. நோட்டீஸ் என்று நமக்கு ஆயிரம் கவலை. ஆனால் வங்கி ஊழியர் வேலை நிறுத்தம் என்று பேப்பரில் ஒரு வரி வந்துவிட்டால் போதும், கடைக்குக் கடை அதே பேச்சுதான். "சம்பளமும் வாங்கிக்கொண்டு கதவையும் சாத்துகிறார்களே" என்று நாமும் திட்டியிருக்கிறோம். இல்லை என்று சொல்லமாட்டோம்.

2021 டிசம்பர் 16, 17 தேதிகளில் அப்படித்தான் நடந்தது. சில்லறைக் கடைக்காரர்கள் கொடுத்த காசோலைகள் இரண்டு நாளும் எங்கள் பையிலேயே கிடந்தன. துவரம் பருப்பு லோடு வந்து நிற்கிறது, கமிஷன் மண்டிக்காரர் போன் மேல் போன் போடுகிறார். மூன்றாம் நாள் வங்கிக்குப் போய்ச் சத்தம் போட்டோம். கவுண்டரில் இருந்த ஊழியர் கோபிக்கவில்லை. "அண்ணாச்சி, நாங்க எங்க சம்பளத்துக்கு நிக்கலே. உங்க டெபாசிட்டுக்குத்தான் நின்னோம்" என்றார். அன்று அதை நாம் நம்பவில்லை. பிறகு பழைய செய்திகளையெல்லாம் எடுத்துப் பார்த்தபோது, அவர் சொன்னதில் பாதி நியாயம் இருப்பது தெரிந்தது. மீதிப் பாதியையும் இங்கே சொல்லத்தான் போகிறோம்.

அந்த வேலை நிறுத்தம் எதற்காக? 2021 பட்ஜெட்டில் இரண்டு அரசு வங்கிகளைத் தனியாருக்கு விற்கப்போவதாக அறிவித்தார்கள். அதற்கான மசோதா அந்த ஆண்டுக் குளிர்காலக் கூட்டத் தொடரின் பட்டியலில் இருந்தது. ஒன்பது சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு எதிர்த்து நின்றது. அந்தத் தொடரில் மசோதா தாக்கல் செய்யப்படவே இல்லை. சங்கத்தின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இதுவே போதும்.

இந்தக் கை இன்று நேற்று முளைத்ததல்ல. 1960ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தபோது அகில இந்திய வங்கி ஊழியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் பிரபாத் கார் லோக்சபையிலேயே உறுப்பினராக இருந்தார். அந்த வீழ்ச்சிக்குப் பிறகுதான் 1961ல் டெபாசிட் இன்சூரன்ஸ் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் காப்புத் தொகை 1,500 ரூபாய். நம் தகப்பனார் காலத்தில் அது ஒரு சிறு கடையின் முதலுக்குச் சமம்.

இனி காப்பாற்றுகிற கதைக்கு வருவோம். அரசு வங்கி நஷ்டப்பட்டால் சர்க்கார் மூலதனம் போடும். 1993-94 பட்ஜெட்டில் 5,700 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தப் பத்தாண்டில் நம் சென்னையின் இந்தியன் வங்கியே ஒரே வருஷத்தில் (1995-96) 1,300 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டியது. 1906ல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகிச் சென்னை ஜனங்கள் தலையில் கை வைத்த பிறகு, நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று 1907ல் தொடங்கியது அது. அதன் கதி இப்படியா என்று அன்று பெரியவர்கள் அங்கலாய்த்தது நினைவிருக்கிறது. ஆனாலும் ஒரு டெபாசிட்தாரருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை. சர்க்கார் கை கொடுத்தது, வங்கி எழுந்து நின்றது. அதையும் சொல்லவேண்டும்.

பிறகு வந்த தொகைகள் நம் கணக்கில் அடங்காதவை. 2016-17 முதல் 2020-21 வரை ஐந்து ஆண்டுகளில் அரசு வங்கிகளுக்குப் போட்ட மூலதனம் 3,10,997 கோடி. இதில் 2,76,000 கோடி கடன் பத்திரம். அது எப்படி என்று நம் பேரேட்டு பாஷையில் சொல்கிறோம். வங்கி தன்னிடமுள்ள பணத்தைச் சர்க்காருக்குக் கடனாகக் கொடுத்துப் பத்திரம் வாங்கும். சர்க்கார் அதே பணத்தை அதே வங்கியில் பங்கு மூலதனமாகப் போடும். ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு, ரொக்கம் நகரவே இல்லை. ஆனால் அந்தப் பத்திரத்துக்கு வருஷா வருஷம் வட்டி உண்டு. வட்டி பட்ஜெட்டிலிருந்து போகும். பட்ஜெட் வரியிலிருந்து வரும். நாம் கட்டுகிற வரியும் அதில்தான் இருக்கிறது.

இவ்வளவு பள்ளம் விழுந்தது எப்படி? 2023 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் கொடுத்த பதிலின்படி, 2014-15 தொடங்கி ஒன்பது ஆண்டுகளில் வங்கிகள் ஏட்டிலிருந்து எழுதித் தள்ளிய கடன் 14.56 லட்சம் கோடி. அதில் பெருந்தொழில், பெரிய சேவை நிறுவனங்களின் பங்கு சுமார் 7.41 லட்சம் கோடி. எழுதித் தள்ளியதிலிருந்து வசூலானது சுமார் 2.04 லட்சம் கோடி. தள்ளி எழுதுவது தள்ளுபடி அல்ல என்று மந்திரிகள் ஒவ்வொரு முறையும் விளக்குகிறார்கள். சட்டப்படி சரிதான். நாமும் வராத பாக்கியை வேறு நோட்டில் எழுதி வைக்கிறோமே! ஆனால் நம் கடையில் ஓ.டி. வட்டி ஒரு மாதம் தவறினால் வீட்டுப் பத்திரத்தின் மேல் பேச்சு வந்துவிடுகிறது. அந்த வித்தியாசம்தான் உறுத்துகிறது.

இங்கே சங்கத்துக்கு ஒரு பாராட்டு. வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்கள் என்று 2,426 கணக்குகளின் பட்டியலை, பாக்கி சுமார் 1.47 லட்சம் கோடி என்ற கணக்கோடு, 2020 ஜூலையில் அந்த ஊழியர் சங்கம்தான் வெளியிட்டது.

அதைவிடப் பெரிய காரியம் 2017ல் நடந்தது. அந்த ஆகஸ்டில் லோக்சபையில் நிதித் தீர்வு மற்றும் டெபாசிட் காப்பு மசோதா தாக்கலானது. வங்கி முழுகும் நிலை வந்தால் டெபாசிட்தாரர் பணத்தின் ஒரு பகுதியையே வங்கியின் மூலதனமாக மாற்றலாம் என்று அதில் ஒரு ஷரத்து இருந்தது. காப்பு வரம்புக்கு உட்பட்ட தொகையைத் தொடமாட்டோம் என்றார்கள். அன்று வரம்பு ஒரு லட்சம்தான். ஒரு லட்சம் ரூபாயில் நாம் எத்தனை மூட்டை பருப்பு எடுக்கமுடியும்? சங்கங்கள் தெருவுக்கு வந்தன, எதிர்க்கட்சிகள் பேசின, மக்களும் பயந்தார்கள். இரு சபைகளின் கூட்டுக் குழுவுக்குப் போன மசோதா 2018 ஆகஸ்டில் வாபஸ் ஆனது. அன்று நம் வணிகர் அமைப்புகள் போதிய குரல் கொடுத்ததாகச் சொல்லமுடியாது. நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இனி மறுபாதி. சங்கம் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களைத்தான் முதலில் காக்கும். அது குற்றமில்லை, ஆனால் நாம் மறக்கக்கூடாது. 1999ல் வர்மா கமிட்டி நலிந்த வங்கிகளில் சம்பள உயர்வை நிறுத்தி ஆட்குறைப்பு செய்யச் சொன்னபோது சங்கங்கள் ஒப்பவில்லை. நடப்புக் கணக்கில் ரொக்கம் கட்டினாலே கட்டணம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று பிடிக்கிறார்களே, அதற்காக ஒரு மணி நேரமாவது பேனாவைக் கீழே வைத்தார்களா? 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. எல்லாச் சனிக்கிழமையும் வேண்டும் என்று 2024 மார்ச்சில் வங்கி நிர்வாகங்களோடு உடன்பாடும் ஆகி, அது சர்க்கார் ஒப்புதலுக்குப் போனது. சனிக்கிழமை வசூலை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்று நம்மை யாரும் கேட்கவில்லை.

கரூரைப் பாருங்கள். 1926ல் ஏழு வியாபாரிகள் சேர்ந்து தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பர் 17ந் தேதி தடை விதித்து, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்றார்கள். பத்தே நாளில், 27ந் தேதி, சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைத்துவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் பாராளுமன்றம் கூடவே இல்லை. அரசு வங்கியோடு சேருங்கள் என்று ஊழியர் சங்கம் கேட்டது, நடக்கவில்லை. டெபாசிட்டுகள் பிழைத்தன, ஊழியர்களுக்கும் வேலை தொடர்ந்தது. பங்குதாரர்களுக்கு மட்டும் ஒரு பைசா கிடைக்கவில்லை. பங்கு வாங்கியவன் லாப நஷ்டத்துக்குத் தயாராக இருக்கவேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அதே வருஷம் மார்ச்சில் யெஸ் வங்கியைக் காப்பாற்ற ஸ்டேட் வங்கி 6,050 கோடி போட்டதே! அங்கே பழைய பங்குகளை அடியோடு அழிக்கவில்லை. 2025ல் ஸ்டேட் வங்கி அந்தப் பங்கில் ஒரு பகுதியை 8,889 கோடிக்கு விற்று லாபமும் பார்த்தது. பம்பாயில் ஒரு தராசு, கரூரில் ஒரு தராசா? இதைச் சபையில் கேட்கவேண்டியவர்கள் நம் ஊர் உறுப்பினர்கள்.

காப்பாற்றுவதே தப்பு என்று சொல்லும் கட்சி நாமல்ல. 2017-18ல் 85,000 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டிய அரசு வங்கிகள் 2024-25ல் 1.78 லட்சம் கோடி லாபம் காட்டின. போட்ட முதல் வீண் போகவில்லை. யாரைக் காப்பாற்றுகிறோம், எந்தக் கணக்கில் என்பதைச் சபையில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நமக்கு அவசரமான விஷயம் ஒன்று உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் டெபாசிட் காப்பு 5 லட்சம். ஒரு நடுத்தர மொத்த வியாபாரியின் நடப்புக் கணக்கில் ஒரே நாளில் அதற்கு மேல் புரளும். அதோடு, தனி உரிமையாளர் கடை என்றால் கடையின் நடப்புக் கணக்கும் உரிமையாளரின் சேமிப்புக் கணக்கும், அதே வங்கியில் வேறு கிளையில் இருந்தாலும், ஒன்றாகக் கூட்டித்தான் 5 லட்சம். நம்மில் பலருக்கு இது தெரியாது. கூட்டு வியாபாரம் என்றால் அந்தக் கணக்கு தனி. வங்கிக்கு நாம் தரவேண்டிய பாக்கி இருந்தால் அதையும் கழித்துக்கொள்ளலாம்.

ஊழியருக்குச் சங்கம் இருக்கிறது, பெரிய கம்பெனிகளுக்கு டெல்லியில் ஆள் இருக்கிறது. நாம் பாராளுமன்ற உறுப்பினருக்கு மனு கொடுப்பதோடு சரி, அதையாவது ஒழுங்காகக் கொடுப்போம். வியாபார நடப்புக் கணக்குக்குத் தனி வரம்பு வேண்டும், அது உரிமையாளரின் சேமிப்போடு சேரக்கூடாது, ஒரு வங்கிக்குத் தடை விதித்தாலும் கொள்முதல் பில்லுக்குரிய பணத்தையாவது எடுக்க விடவேண்டும். இந்த மூன்றையும் எழுதி நம் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மறுப்பு உள்ளவர்களும் அன்று வந்து பேசலாம். கையெழுத்துப் போட வரும்போது கடை ரப்பர் ஸ்டாம்பையும் கையோடு கொண்டுவாருங்கள்.